மிச்சமிருந்த ரசம்

1901 நவம்பர் 10, ஞாயிறு. ஸ்ரீவில்லிபுத்தூர்.

போன வாரந்தான் பிஷப் அத்தியட்சர் என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக் குருப்பட்டம் கொடுத்தார். இன்று முதல் முறையாக இவர் கையால் சபைக்கு அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை. கூமாப்பட்டிச் சபையார் எல்லாரும் வருவதாகப் பேர் கொடுத்திருந்தார்கள். அதை நம்பி, பாத்திரம் நிறையத் திராட்சரசம் ஊற்றி, இருந்த நடுக்கத்தில் பின்னால் திரும்பியே பார்க்காமல் ஜெபித்துவிட்டார். திரும்பினால் நாங்கள் நாலைந்து பேர்தான். மலையில் மழை, ஆற்றில் வெள்ளம், கூமாப்பட்டியார் அக்கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

ஜெபித்த ரசத்தைக் கீழே கொட்டக்கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. ஆராதனை முடிந்ததும் குருவே குடித்துத் தீர்க்க வேண்டும். கள்ளுக்கடை இருக்கிற தெருவில்கூட நடக்காத மனுஷன்! பாதியிலேயே போதை ஏறிக் காதெல்லாம் சிவந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவமாக ஒரு பக்கம்.

நற்கருணை எடுத்தவர்களில் யாரையாவது குரு துணைக்குக் கூப்பிடலாம். மணியடிக்கும் கோயில்பிள்ளையைக் கூப்பிடுவார் என்றிருந்தேன்.

"ஞானம்மா, செத்த இங்க வா. என்னால ஏலல" என்றார்.

கல்யாணமான நாள்முதல் நாலு பேர் முன்னால் இவர் என் பேரைச் சொன்னதில்லை. வீட்டிலும் "ஏட்டி"தான். போய் முழங்கால்போட்டு, மிச்சத்தை வாங்கிக் குடித்தேன்.

சாப்பிடும்போது கேட்டேன்: "அத்தியட்சர் கைவச்சப்ப உள்ளுக்குள்ள ஏதாச்சும் மாறுச்சா?"

"ஒண்ணும் தெரியல. பயந்தான் எம்புட்டோ கூடியிருக்கு" என்றார்.

ஒன்றும் தெரியவில்லையாம். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதே இன்னும் அவருக்குத் தெரியாது.