சனிக்கிழமை ஒப்பித்தது

என் அக்காவுக்கு,

கிணற்றடியில் வழுக்கி விழுந்து உன் வலது கை முறிந்ததாக மாமா நெட்டப்பாக்கம் முழுக்கச் சொல்லி வருகிறாராம்.

இந்த ஆஸ்பத்திரியில் பெண்கள் எங்களிடம் சொல்லி அழுததையும், நாங்கள் சொன்ன ஆறுதலையும் நர்ஸ் பயிற்சிக்காரிகள் சனிக்கிழமைதோறும் கன்னியாஸ்திரீ அம்மாவிடம் ஒப்பிக்க வேண்டும். அழுதவள் யாரென்று மட்டும் சொல்லக்கூடாது.

"உங்க மாமா அடிக்கிறாருடி, உன்கூடவே இருந்துடட்டா?" என்று நீ இங்கே வந்து கேட்டதை ஒப்பித்தேன். "பொறுத்துக்கினு வூட்டுக்குப் போ" என்று நான் சொன்னதையும்தான். "நல்ல பதில்" என்று நோட்டில் சரி போட்டார்.

நேற்று அந்தச் சரியை அழிக்கச் சொன்னேன். ஏன் என்றார். "அது எங்க அக்கா" என்றேன்.

"யாருன்னு சொல்லக்கூடாதுன்னு தெரியாதா?" என்று அதட்டினார்.

பதில் எழுதத்தான் உன்னால் முடியாதே. வந்துவிடு.

உன்னைத் திருப்பி அனுப்பிய
தங்கை