மகாராணிக்கும் எனக்கும் ஒரே சோதனை

மார்ச் 4
வாயும் வயிறுமாக இருப்பது இப்போது இரண்டு பேர். நானும் மகாராணியும். மகாராணி உயிரியல் பூங்காவில் நான் பராமரிக்கும் மணல் பூனை. இரண்டு கிலோ உடம்பு, இருபது கிலோ திமிர். கால்நடை டாக்டர் அவளைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். என்னைப் பார்த்து, இனிமேல் கூண்டுப் பக்கம் வராதே என்றார். பூனைக் கழிவில் இருக்கும் ஒட்டுண்ணி வயிற்றுப் பிள்ளையைப் பிடிக்குமாம். போன வருஷம் பக்கத்துக் கூண்டுக் குட்டிகளை வாரிக்கொண்டு போனது அதுதான்.

மார்ச் 6
டிக்கெட் கவுண்டரில் போட்டுவிட்டார்கள். இப்போது கம்பிக்குப் பின்னால் நான்.

மார்ச் 9
வீட்டுக்காரர் வேலையையே விடச் சொல்கிறார். "ஒரு பூனைக்காக நம்ம பிள்ளையைப் பணயம் வைப்பியா?" வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். அப்புறம் குளியலறையில் அழுதேன். அவர் கேட்டதில் என்ன தப்பு? ஆனா மகாராணி, நான் பால்புட்டி கொடுத்து வளர்த்தவ. வேற யாரு வெச்சாலும் சாப்பிட மாட்டா. நான் என்னதான் செய்ய?

மார்ச் 13
பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மா, அந்த ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க எனக்கு ரத்தம் எடுத்தார். அதே காலையில் மகாராணிக்கும் எடுத்தார்களாம். அவள் மூன்று பேரைக் கீறினாள். நான் யாரையும் கீறவில்லை.

மார்ச் 18
எனக்கு அந்த ஒட்டுண்ணி எப்போதோ வந்து போயிருக்கிறது. சின்ன வயதில் மண்ணில் புரண்டு, கழுவாத கையோடு தின்ற புண்ணியம். உடம்பு பழகிவிட்டதால் பிள்ளைக்குப் பயமில்லை, கையுறையோடு போகலாம் என்றார் டாக்டரம்மா. வீட்டுக்காரர் வழியெல்லாம் உம்மென்று வந்தார்.

மார்ச் 19
மகாராணிக்குப் புதுசாகத் தொற்றியிருக்கிறது. கூண்டுக்குள் வந்த ஏதோ குருவியைத் தின்றிருப்பாள் என்கிறார் கால்நடை டாக்டர். கொதித்து ஆறிய தண்ணீர், உறையவைத்த கறி, மருந்து தெளித்த தரை என்று பொத்திப் பொத்தி வளர்த்தோம். எதிர்க்க அவள் உடம்பில் ஒன்றுமே இல்லை. சனியன் பிடிச்ச ஒட்டுண்ணியே, என்கிட்ட வந்திருந்தா என்ன? எனக்குத்தான் ஒண்ணும் ஆகாதே.

ஏப்ரல் 21
நான்கு குட்டி போட்டாள். சாயங்காலத்துக்குள் இரண்டு செத்துவிட்டன.

ஏப்ரல் 24
இன்னொன்றும் போய்விட்டது. மிச்சம் ஒரு பெண் குட்டி. மருந்து ஊட்டினால் என் முகத்திலேயே துப்புகிறது. அப்படியே அம்மா புத்தி.

மே 9
மதியம் வீட்டுக்காரர் போன் செய்தார். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.
"குட்டி கண்ணைத் திறந்துச்சா?"
"ஒண்ணு திறந்திருக்குங்க. இன்னொண்ணுல பார்வை வராதாம்."
உடனே போனை வைத்துவிட்டார். சாயங்காலம் பார்த்தால், இதுவரை இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன், கூண்டுக்கு வெளியே குனிந்து நிற்கிறார். மகாராணி பல்லைக் காட்டிச் சீறினாள். அவர் நகரவில்லை.