விழுவதை முதலில் காட்டு

மூன்று மாதமாக அந்தப் பந்தை நான் தொடவில்லை. போன திங்கட்கிழமை மீன் கூடையை இழுத்தபோது அது பின்னாலிருந்து உருண்டு வந்து என் காலில் இடித்து நின்றது. கையில் எடுத்தேன். உப்பு, மணல், வஞ்சிர வாடை. பை வாங்காமல் என் கூடையிலேயே போட்டு வைத்து அதற்கு அந்த வாடை ஏறிவிட்டது. மற்ற டீம் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ‘மீன் பந்து’ என்பார்கள். “நல்லதுதான், கிட்ட வர மாட்டாங்க” என்று நீ சிரிப்பாய். பந்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு அடையாறில் ஒரு காலேஜ் மைதானத்தில் புல் வெட்டுகிற வேலை. ஆள் குறையும்போது அந்தப் பையன்கள் உன்னையும் ரக்பி ஆட இழுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் காற்றுப் போன இந்தப் பந்தோடு வந்து, நம் ஊரூர் குப்பத்து மணலில் பிள்ளைகளைச் சேர்த்து கிளப் நடத்தப் போகிறேன் என்றாய். நமக்குப் பிள்ளை இல்லை. கடலுக்குப் போகாதவனுக்கு இதென்ன வேண்டாத வேலை என்று குப்பமே பேசியது. நீ காதில் வாங்கவில்லை.

ஆட்டம் சொல்லிக் கொடுப்பது உனக்குச் சுலபம். ஆள் சேர்ப்பதுதான் பாடு. வீடு வீடாக ஏறி இறங்கினோம். நான் மீன் விற்கிற அபிராமபுரம் தெருக்களிலும் கேட்கச் சொன்னாய். சங்கரா என்ன விலை என்றவளிடம் ‘வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருக்கா’ என்று கேட்டேன். பிள்ளை பிடிக்க வந்தவளைப் பார்க்கிற மாதிரி பார்த்து கதவைச் சாத்தினாள்.

அப்போது நீ ஒரு தப்புச் செய்தாய். “சும்மா ஓடுற ஆட்டம்தான் யக்கா. பந்தை வச்சுக்கினு ஓடணும், அவ்ளோதான்” என்று தாய்மார்களிடம் சொன்னாய். ஓடுகிறவளை இன்னொருத்தி இடுப்பைக் கட்டிச் சாய்ப்பாள், அதற்கு டேக்கிள் என்று பேர் என்பதைச் சொல்லவே இல்லை. இரண்டாம் வாரம் அப்படி விழுந்து நம் குப்பத்துச் செல்வியின் மூத்த பெண்ணுக்கு முன்பல் உடைந்தது. செல்வி நம் வாசலில் நின்று தெருவையே கூட்டினாள்.

“ஓடுற ஆட்டம்னு தானேய்யா சொன்ன? என் பொண்ணு பல்லு எங்க ஓடிச்சு?”

ஒரே வாரத்தில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இரண்டு நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்து, “விழறதை மறைச்சு ஆள் சேத்தா, விழுந்த அன்னிக்கே ஆள் போயிடும். இனிமே விழறதைத்தான் மொதல்ல காட்டணும்” என்றாய்.

“காட்டேன். யார் வேணாம்னா?”

“நீ தான் விழணும்.”

“யோவ், பொடவையோட எப்படிய்யா விழறது?”

“அந்த அம்மாங்களும் பொடவை தான கட்டிக்கினு கீறாங்க. நீ விழுந்து எழுந்தா தான் நம்புவாங்க.”

அன்றிலிருந்து அதுவே நம் வழக்கம். பிள்ளையைச் சேர்க்கும் முன் அம்மா மணலுக்கு வர வேண்டும். நான் பந்தோடு ஓடுவேன். நீ வந்து என் இடது தோளில் மோதிச் சாய்ப்பாய். தாடையை நெஞ்சோடு ஒட்டு, கையை ஊன்றாதே, தோளில் உருளு. முக்கியமாக, “விழுந்ததும் பந்தை வுட்டுடுமே. பின்னால நம்ம ஆளு வரும், அது பக்கம் வச்சிடு. கட்டிப் புடிச்சுக்கினு கெடக்காத.” நான் எழுந்து புடவையை உதறும்போது தாய்மார்கள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எத்தனை பேருக்காக விழுந்தேனோ, கணக்கில்லை. செல்வி மட்டும் வரவே இல்லை.

மூன்று மாதம் முன்பு நீ கண்ணை மூடியதும் பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தார்கள். ‘அவரே இல்லை, இனி யார் பார்த்துக்குவா’ என்று அம்மாக்கள் கேட்டார்கள். நான் கூடையைத் தூக்கிக்கொண்டு மீன் விற்கப் போய்விட்டேன். பெண்கள் போட்டிக்கு ஏழு பேர் வேண்டும். ஆறு பேர்தான் மிச்சம். ஏழு இல்லையென்றால் நம் கிளப் பேர் போட்டியில் இருக்காது, இந்த ஆறும் கலைந்துவிடும் என்று தேவி வந்து அழுதாள். நீ முதலில் சேர்த்த தேவிதான் இப்போது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஏழாவதாக வர ஆசைப்பட்டது செல்வியின் சின்னப் பெண்.

பந்து காலில் இடித்த மறுநாள் செல்வி வீட்டுப் படி ஏறினேன். ‘வந்து பார், பிறகு நீயே சொல்’ என்று மட்டும் கேட்டேன். சாயங்காலம் சின்னப் பெண்ணோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டே மணலுக்கு வந்தாள்.

நான் பந்தை எடுத்துக்கொண்டேன். சாய்க்க ஆள் இல்லை. தேவி கையை உதறினாள். “உன்னைத் தள்ள என்னால ஆவாது பெரிம்மா.” மற்ற பிள்ளைகளும் தரையைப் பார்த்தார்கள். அப்போது செல்வி கொசுவத்தை இடுப்பில் செருகினாள்.

“வுடுங்கடி, நான் தள்றேன். எனக்குத்தான் அத்தனை வருச கோவம் கீது.”

ஓடினேன். வந்து மோதினாள் பார், நீகூட அப்படி மோதினதில்லை. இரண்டு பேரும் புரண்டோம். அவள் முந்தானை என் முகத்தில். மூன்று மாதமாக வராத அழுகை அங்கே வந்தது. பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிடந்தேன். செல்வி என் தலையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, “நல்லா அழுவு. பந்தைக் குடு, புள்ள நிக்குது” என்றாள்.

உன் குரலும் கேட்டது. கையை விட்டேன். பந்தைப் பின்பக்கமாக வைத்தேன். சின்னப் பெண் குனிந்து எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக ஓடினாள்.

எழுந்ததும் செல்வி கேட்டது ஒன்றே ஒன்று: “பல்லுக்கு எதனா போடுவீங்களா?” பல் காக்கிற ரப்பரை எடுத்துக் காட்டினேன்.

உன் நோட்டில் ஆறு பேருக்குக் கீழே ஏழாவது பேரை நான்தான் எழுதினேன். எழுத்து கோணல்தான். நாளைக் காலையில் ஆட்டம். பந்தைக் கூடையில் வைத்துவிட்டேன். இடது தோள் இன்னும் வலிக்கிறது, நீ மோதுகிற அதே இடம். செல்வி தைலம் கொடுத்து அனுப்பினாள். இன்னும் தடவவில்லை.