பேப்பரில் இல்லாத பக்கம்

ஆயர் ஈத்தாம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் தனுஜாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டெக்சஸ் வெயிலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான், மழை பெய்தால் அம்மாவுக்கு முட்டி வலிக்கிறது, எனக்கு ஆபரேஷன் பண்ணிய நெஞ்சு அவ்வப்போது இழுத்துப் பிடிக்கிறது, பயப்படாதே. தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவள் காது கேட்க இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்கு நானே பஸ் ஏறிப் போய் டவுன் தபால் ஆபீசில் போட்டுவிடுவேன்.

அடுத்த மாதம் கால்வெஸ்டனில் அடிமைகள் விடுதலை நாள் விழாவில் நீ பேசப்போகிற பேச்சை அனுப்பியிருந்தாய் அல்லவா, கீழே கடையில் அச்செடுத்து மூன்று தடவை படித்துவிட்டேன். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அமெரிக்க அதிபர் பிரகடனம் போட்டு, தன்னை எதிர்த்துப் பிரிந்துபோன மாநிலங்களில் உள்ள அடிமைகள் எல்லோரும் 1863 ஜனவரி முதல் தேதியிலிருந்து சுதந்திர மனிதர்கள் என்று அறிவித்தார், ஆனால் தன் பக்கம் நின்ற மாநிலங்களின் அடிமைகளை அதில் சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். இதென்ன கூத்து, தன் பேச்சு செல்லாத ஊரில் விடுதலையாம், செல்லுகிற ஊரில் ஒன்றும் இல்லையாம் என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அவள், உனக்கென்னய்யா வந்தது, சாப்பிட வா என்றாள். மேலே படித்த பிறகுதான் புரிந்தது. செய்தி காதில் விழுந்த ஆயிரக்கணக்கான பேர் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு படை இருக்கும் பக்கமாக நடந்தே போயிருக்கிறார்கள், கிட்டத்தட்ட இரண்டு லட்சம் கறுப்பு ஆண்கள் ராணுவத்தில் சேர்ந்திருக்கிறார்கள், நாடு உடையாமல் இருக்க என்று தொடங்கிய சண்டை அதற்குப் பிறகு மனிதர்களை விடுவிக்கிற சண்டையாகவும் மாறியிருக்கிறது. ஒரு காகிதம் இவ்வளவு செய்யுமா என்று ஆச்சரியப்பட்டேன். ஆனால் நீ இருக்கும் டெக்சஸுக்குப் படை வந்து அதைப் படித்துச் சொல்ல இரண்டரை வருஷம் ஆனதாமே, விஷயம் தெரிந்தும் அறுவடை முடியட்டும் என்று வாயைத் திறக்காமல் இருந்த முதலாளிகளும் உண்டாமே. அந்த இடம் வந்ததும் என்னால் உடனே மேலே படிக்க முடியவில்லை, மூன்று தடவையும் அங்கே நின்று நின்றுதான் படித்தேன்.

சொல்லிவிடுகிறேன். கெப்பாலா பத்தாஸில் உன் அத்தை சந்திரிகா வீட்டில் ராக்கம்மா இருக்கிறாளே, காளையார்கோவில் பக்கத்திலிருந்து மாமாவைப் பார்த்துக்கொள்ள வந்தவள், நீ போன தடவை வந்தபோது உனக்குக் கொழுக்கட்டை அவித்துக் கொடுத்தாளே, அவள் வந்த இரண்டு வருஷ ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்கிறேன் என்று போன ஏஜென்ட் ஆளே காணோம். பாஸ்போர்ட் அத்தையின் அலமாரியில் நகைகளோடு இருக்கிறது, பத்திரமா இருக்கட்டுமே அண்ணே, தொலைச்சிட்டான்னா நமக்குத்தானே தொல்லை என்பாள். போனையும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கையில் கொடுக்கிறாள். அத்தையை நீ கெட்டவள் என்று நினைத்துவிடாதே. வாதம் வந்து படுத்த மாமா எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும், அவரைத் திருப்பிப் படுக்க வைக்கவே இரண்டு ஆள் வேண்டும். ராக்கம்மாவுக்குச் சோற்றுக்கும் துணிமணிக்கும் குறை வைத்ததில்லை. ஊருக்குப் போவதை மட்டும் பேசக் கூடாது.

அவளுடைய ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம், பக்கத்தில் இருக்க வேறு பொம்பளை இல்லை. மார்ச் மாதத்திலிருந்தே எப்படியாவது அனுப்பி வையுங்கம்மா என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான், இந்த நாட்டில் பெர்மிட் இல்லாமல் இருக்கிற வெளிநாட்டுக்காரர்கள் ஏப்ரல் முடிவதற்குள் இமிகிரேஷனுக்கு வந்தால் சிறையில் போடாமல் ஊருக்கு அனுப்புவோம் என்று அரசாங்கம் அறிவித்தது. நம் தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தான். நான் ஞாயிறுதோறும் பாலம் தாண்டி அத்தை வீட்டுக்குப் போகும்போது அந்த வாரத்துப் பேப்பர்களைக் கட்டி ராக்கம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம், அந்த வீட்டில் தமிழ்ப் பேப்பர் வாங்குவதில்லை, அவள் ராசிபலன் முதல் மரண அறிவிப்பு வரை ஒன்று விடாமல் படிப்பாள். அன்றைக்குக் காலையில் கட்டும்போது அந்தப் பக்கத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை தனுஜா. அத்தை சொல்லவில்லை, அவளுக்கு அந்த அறிவிப்பே தெரியாது. நானாகத்தான் செய்தேன். வேறு ஆள் கிடைக்கட்டும், கிடைத்ததும் நானே சொல்லி நானே இமிகிரேஷனுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆளும் கிடைக்கவில்லை, ஏப்ரலும் முடிந்துபோனது. போன வாரம் அவள் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, போனில் பத்து நிமிஷம் பார்த்தாளாம்.

வியாழக்கிழமை மீன் விற்க வரும் வேன்காரர் அவளிடம் அந்த அறிவிப்பைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டிருக்கிறார். இன்றைக்கு நான் கெரெத்தாவை நிறுத்திக் கதவைத் திறந்து இறங்குவதற்குள் வாசலுக்கு வந்துவிட்டாள். அய்யா, ஊருக்குப் போகலாம்னு கவர்மெண்டு சொன்னுச்சாமே, போன மாசத்தோட முடிஞ்சிருச்சாமே, நீங்க கொண்டாந்த பேப்பர எல்லாம் எழுத்து விடாம படிச்சேனே, அதுல இல்லையே என்றாள். அத்தை உள்ளிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பார்க்கலையேம்மா என்றேன். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒரு பொய், அதுவும் முகத்துக்கு நேராக. அவள் சந்தேகமே படவில்லை. உங்க கண்ணுலயே படலன்னா சின்னதாத்தான் போட்டிருப்பாங்க, அடுத்த தடவ வந்துச்சுன்னா மொத ஆளா எனக்குச் சொல்லிருங்கய்யா என்று சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எப்படிக் குடித்தாய் என்று கேட்காதே, குடித்தேன்.

அவள் பின்கட்டுக்குப் போன பிறகு அத்தையிடம் பாஸ்போர்ட்டையாவது கொடுத்துவிடு என்றேன். அழுதுவிட்டாள். அவ போயிட்டா நான் ஒத்த ஆளா இவர எப்படிலா தூக்குவேன், நீங்க வந்து தூக்குவீங்களா அண்ணே என்றாள். நான் எங்கே தூக்க, ஒரு அரிசி மூட்டையை நகர்த்தக்கூட டாக்டர் விடமாட்டேன் என்கிறார். திரும்பும் வழியில் எனக்குப் பழக்கமான வக்கீல் ஒருவர் வீட்டில் இறங்கி, யாரோ ஒருவருடைய விஷயம் மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். இனி அந்தச் சலுகை கிடையாது, புகார் கொடுத்தால் வழி பிறக்கலாம், ஆனால் பாஸ்போர்ட்டை வைத்திருப்பவர் மேல் கேஸ் வரும், வெளியே பிடிபட்டால் அந்த அம்மாவுக்கும் லாக்கப்தான் என்றார். தங்கச்சியைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. ராக்கம்மாவைப் பார்க்க அடுத்த ஞாயிறு போகவும் தைரியம் இல்லை, போகாமல் இருக்கவும் முடியாது. என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை தனுஜா. விடுதலை கொடுத்தவர், வாங்கியவர், மறைத்த முதலாளி எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். முதலாளியும் இல்லாமல், லாபமும் இல்லாமல், தெரிந்தும் பேசாமல் இருந்த பக்கத்து ஆட்களைப் பற்றி அந்தப் பழைய காகிதங்களில் ஏதாவது இருக்கிறதா? அவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா? இருந்தால் எனக்குச் சொல்லு.

நீ என்ன திட்டினாலும் சரி, அம்மாவிடம் மட்டும் இப்போதைக்குச் சொல்லாதே. நேரத்துக்குச் சாப்பிடு, கண் முழிக்காதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காமல் ஒன்று செய். பேச்சின் தொடக்கத்தில், வேலை விட்டு வந்ததும் படிக்கத் தெரியாத ஃப்ளாட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேப்பர் வாசித்துக் காட்டியவர் என் அப்பா, அவரைப் பார்த்துத்தான் நான் இந்தச் சரித்திர ஆராய்ச்சி வேலைக்கு வந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது உண்மைதான். ஆனாலும் அதை எடுத்துவிடம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
அய்யாக்கண்ணு