எத்தனை மீட்டர் தள்ளி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். கடைக்குப் புதுச் சாறி மூன்று பெட்டி. விலை ஒட்டுகிற வேலை வழக்கம்போல என் தலையில்.

பதினொரு மணி போல ஃபொபூர் சேன்-தெனி தெரு முனையில் பொலிஸ். அருளப்பு அண்ணையை மறித்து வைத்திருந்தார்கள். லூயி-பிளாங் தெருச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறவர், மன்னார் ஆள், தங்கமான மனுசன். கொத்தமல்லி வாங்க ஏப்ரனோடு ஓடி வந்திருக்கிறார். அடையாளக் காட் குசினியில் தொங்கும் ஜாக்கெட்டுக்குள்.

போய் அவர் பக்கத்தில் நின்றேன். பொலிஸ்காரி தள்ளி நிற்கச் சொன்னாள். ஓர் அடி பின்னால். அவள் திரும்பியதும் இரண்டு அடி முன்னால். இப்படி மூன்று தரம். அண்ணையே கெஞ்சினார்.

"தங்கச்சி, நீ கடைக்குப் போம்மா. எனக்கு ஒண்டும் நடவாது."

போகவில்லை. வாகனத்தில் ஏற்றும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் காட்டை வாங்கி, பெயர், விலாசம் எல்லாம் எழுதினார்கள்.

அண்ணை இரண்டு மணிக்கே திரும்பி வந்து வேலையைத் தொடங்கிவிட்டார். மாட்டியது நான்.

மார்ச் 7, வெள்ளி

கடிதம். 17ஆம் திகதி, பத்து மணிக்கு, கொமிசரியாவுக்கு, அதுதான் பொலிஸ் நிலையத்துக்கு, வரட்டாம். பொலிசின் வேலைக்கு இடைஞ்சல் செய்ததாம்.

அடுத்த மாதம் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு நேர்முகம். ஏழு வருடம் சேர்த்த கடதாசிகள். பொலிசில் ஒரு வரி பதிந்தாலே போச்சு.

வீட்டில் இவர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உமக்கேனப்பா உந்த வேலை? தள்ளி நில் எண்டால் தள்ளி நிக்கிறதுதானே?"

வெங்காயம் வெட்டினேன். கண்ணீருக்கு நல்ல சாட்டு.

மார்ச் 10, திங்கள்

கடை முழுக்க இதே கதை. ஆளுக்கொரு சட்டம்.

- முதலாளி: ஐந்து மீட்டர். புதுச் சட்டமாம்.
- தபால் பெட்டிக்குப் பக்கத்து போன்கடைக்காரர்: பத்து. அமெரிக்காவில் அப்படித்தானாம். நாங்கள் அமெரிக்காவிலா இருக்கிறோம்?
- சாறி பார்க்க வந்த ஒரு அம்மா: பொலிசைக் கண்டால் தெருவே மாறவேணும். இதற்கு மீட்டரே தேவையில்லை.

முதலாளி சாறி ஒன்றை விரித்துக் காட்டினார். "இந்தா, இது அஞ்சரை மீட்டர். இவ்வளவு தூரம் நிண்டிருந்தால் உமக்கு ஒரு பிரச்சினையும் இல்லை." எல்லோரும் சிரித்தார்கள். நானும். பிறகு கழிவறையில் போய் அழுதேன்.

வாங்க வேண்டியது: பால், தூள், இவருக்கு இருமல் மருந்து.

மார்ச் 13, வியாழன்

மகள் துளசி (இனி து.) லீவு போட்டு நகரசபைக்குக் கூட்டிப் போனாள். இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீல், சின்னப் பெண். சட்டத்தில் இத்தனை மீட்டர் என்று எங்கும் எழுதவில்லையாம். பார்க்கலாம், படம்கூட எடுக்கலாம். வேலையை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

அப்பாடா என்றிருந்தது. "ஆனால் கதவைப் பிடித்தீர்கள்" என்றாள். அப்பாடா போய்விட்டது.

வரும் வழியில் து. பிரெஞ்சில் கேட்டாள்: ஏன் பிடித்தாய்? "கை தானாப் போட்டுது" என்றேன். கண்ணை உருட்டினாள்.

மார்ச் 17, திங்கள்

குளிர். நீலச் சட்டை, இஸ்திரி போட்டது. ஒன்பதே காலுக்கே போய்விட்டோம்.

அதே பொலிஸ்காரி. தொப்பி இல்லாமல் சின்னப் பிள்ளை மாதிரி. மொழிபெயர்ப்பாளர் போனில் அகப்படவில்லை, அதனால் து.தான் மொழிபெயர்த்தாள். ஏன் விலகவில்லை என்று பொலிஸ்காரி கேட்டாள். படித்துக்கொண்டு போன பதில் ஒன்றும் வாயில் வரவில்லை. வேறு வந்தது.

"ஊரிலை எங்கடை சந்தியிலை ஆமி சின்னண்ணையை மறிச்சவன். என்னைத் தள்ளி நில் எண்டான். தள்ளி நிண்டனான். ட்ரக்கிலை ஏத்திக்கொண்டு போட்டான். பிறகு காணவே இல்லை. அதுக்குப் பிறகு எங்கடை தெருப் பொம்பிளையள் ஒருத்தரும் தள்ளி நிண்டதில்லை. ஆரை மறிச்சாலும் ஓடிப்போய்ப் பக்கத்திலை நிப்பம். கண்ணுக்கு முன்னாலை கொண்டுபோக யோசிப்பான் எண்டு."

து. பாதியில் நின்றுவிட்டாள். மாமா சண்டையில் செத்தார் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தோம். மூக்கைத் துடைத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். ஒரு சொல்லும் விடவில்லை என்று நினைக்கிறேன்.

பொலிஸ்காரி எல்லாவற்றையும் தட்டச்சு செய்தாள். பிறகு சொன்னாள்: "எங்கே கொண்டுபோகிறோம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே, மதாம்."

கேட்பதா? பொலிசிடமா? இருபத்தாறு வருடம் இந்த நாட்டில் இருக்கிறேன், அப்படி ஒன்று செய்யலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.

உள்ளே போய் மேலதிகாரியோடு பேசிவிட்டு வந்தாள். எச்சரிக்கையோடு விடுகிறார்களாம், வழக்கு இல்லை. குடியுரிமைக்கு? அதையும் து. கேட்டாள். இதனால் ஒன்றும் வராது என்றாள் பொலிஸ்காரி.

வெளியே வந்ததும் படியில் இருந்துவிட்டேன். சந்தோசம். வெட்கமில்லாமல் அப்படியொரு சந்தோசம். து. பக்கத்தில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில், "அம்மா, எனக்குப் பசிக்குது" என்றாள். அருளப்பு அண்ணை கடையில் கொத்துரொட்டி. அண்ணை இரண்டு முட்டை கூடப் போட்டார்.

மார்ச் 22, சனி

வெயில். கடையில் சனம் கொள்ளை. கல்யாணச் சாறி நாலு போனது.

மூன்று மணிக்கு எதிர்ப்பக்கத்தில் பொலிஸ், யாரோ ஒரு ஆபிரிக்க மனுசனை மறித்து. கால் தானாகவே வாசலுக்குப் போனது. முதலாளி பின்னாலிருந்து, "பிள்ளை, அஞ்சரை மீட்டர்!" என்று கத்தினார்.

வாசலில் நின்றேன். படி இறங்கவில்லை. வாகனத்தின் கதவைத் திறந்தார்கள். து. சொல்லித் தந்த பிரெஞ்சு வசனம், பிழையான உச்சரிப்பில், தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில்:

"அவரை எங்கே கொண்டுபோகிறீர்கள், மெசியூ?"

பொலிஸ்காரன் நிமிர்ந்து பார்த்தான். முறைக்கவில்லை.

"பத்தாம் வட்டாரக் கொமிசரியாவுக்கு, மதாம்."

எனக்குப் பதில் சொன்னான்.