நனையாத துடுப்பு

ஜனவரி 19, ஞாயிறு.

ஊற்றுப் பூங்காவில் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்கிவிட்டு மாலையில் வெள்ளானூர் திரும்பினோம்.

காலையில் என் மனைவி கமலா தன் தம்பி சேகரையும் என்னையும் ஒரே படகில் ஏற்றிவிட்டாள். என் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்காராமலே போனவன் அவன். ஆறு வருஷமாக நான் அவனோடு பேசவில்லை. முன்னால் அவன், பின்னால் நான், ஆளுக்கொரு துடுப்பு. ஊற்று பொங்கும் இடத்துக்கு நீரோட்டத்தை எதிர்த்துப் போக வேண்டும். என் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவனே தள்ளட்டும் என்றுதான்.

மூச்சு வாங்க, திரும்பாமலே பேசினான்.

"மாமா, அன்னிக்கு சாப்டாம போனது தப்புதான். உங்க மூஞ்சியப் பாத்து சொல்ல வரல."

நான் கரையோர மரங்களைப் பார்த்தேன்.

"இன்னும் கோவமாதான் கீறீங்களா? ஆனா படகு ஜோரா போவுது. இந்த வயசுல இன்னா தம் மாமா உங்களுக்கு!" என்று சிரித்தான்.

அப்போதாவது துடுப்பைத் தண்ணீரில் போட்டிருக்கலாம். போட்டால் படகு சட்டென்று வேகம் எடுக்கும். அதுவரை நான் தள்ளவே இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் கரை சேரும்வரை போடவில்லை.

சற்று முன் கமலா தைலத்தோடு வந்தாள். "அவனுக்கே கையத் தூக்க முடியலையாம். உங்களுக்கு எப்படி இருக்கும்? காட்டுங்க."

இரண்டு கைகளையும் நீட்டினேன். தோள்வரை தேய்த்துவிட்டாள். ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.