சுண்டுவிரலைவிடக் கொஞ்சம் பெரிய கப்பல்

டப்பாவைத் திறந்ததும் முதலில் வந்தது வார்னிஷ் வாசனை. அதற்குப் பின்னால் பாச்சை உருண்டை. கப்பலைப் பூச்சி அரித்துவிடும் என்று பாச்சை உருண்டை போட்டு வைத்த கடற்படைத் தளபதி இந்த உலகத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

இரண்டாவது முறை வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன டப்பா. நீ திரும்பவில்லை. நாலு மாதமாக அது என் அலமாரியில், போர்வைக்குக் கீழே கிடந்தது. இன்று காலை வேறு வழியில்லாமல் திறந்தேன். நேற்று உன் வீட்டுக்காரி, என் தங்கச்சி முறை, செங்கத்திலிருந்து போன் செய்திருந்தாள்.

"அண்ணா, அவரு ரொம்ப ஆசையா வெச்சிருந்த தலைக்கப்பல் எதுன்னு எடுத்து வைங்க. படத்துக்கிட்ட வெக்கணும். மிச்சத்த நீங்களே வெச்சிக்குங்க. நாளைக்குப் பதினோரு மணி ஜீப்புல வர்றேன்."

சரிம்மா என்றேன். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. உன் மனைவி தேடி வரும், படைக்கே தலைமையான அந்தத் தலைக்கப்பல் உன்னுடையதே இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். உனக்கும் தெரியுமா என்பதுதான் நாலு மாதமாக என்னை அரித்த கேள்வி. பாச்சை உருண்டை அதற்குக் கேட்காது.

நீ மலைக்கு சர்வேயராக வந்த வருஷம் நினைவிருக்கிறதா? போஸ்ட் ஆபீஸ் என்று பெயருக்கு ஒரு அறை, அதில் நான். உனக்கு வந்த முதல் பார்சலை எடை போட்டவன், உள்ளே என்ன என்று கேட்காமல் விடுவேனா? பாய்மரப் போர்க்கப்பல், மேசை மேல் நிறுத்திச் சண்டை விளையாடும் பொம்மை என்றாய். ஒரே மாதத்தில் நானும் எதிரி நாட்டுத் தளபதி ஆகிவிட்டேன். ஜீப் டிரைவர் ஊரெல்லாம் சொன்னான்: "மல மேல ரெண்டு பேரு கப்பல் வுட்டுகினு இருக்கறாங்கப்பா."

எந்த அளவில் படை சேர்ப்பது என்று நாம் மூன்று வாரம் சண்டை போட்டோம். மாதிரிக்கு ஒவ்வொன்று வரவழைத்தோம். நிஜக் கப்பலில் எழுநூறில் ஒரு பங்கு என்றால் வெண்டைக்காய் நீளம். பீரங்கி வாசல், கயிற்று ஏணி, பின்பக்க ஜன்னல் எல்லாம் தெரியும். நான் மயங்கிப் போனேன். "இதுல நாலு நின்னா கடலே ரொம்பிடும்யா. அப்பறம் சண்டைய எங்க போடுவ, வாசல்லயா?" என்றாய். இரண்டாயிரத்து நானூறில் ஒரு பங்கு, இரண்டு புளியங்கொட்டையைச் சேர்த்து வைத்தது மாதிரி. பெரிய கடல், பெரிய அணிவகுப்பு, எல்லாம் சரி. ஆனால் பீரங்கி எங்கே என்று எறும்பைத்தான் கேட்க வேண்டும். கடைசியில் ஆயிரத்து இருநூறுக்கு ஒத்துக்கொண்டோம். சுண்டுவிரல் நீளம். "சண்டையும் தெரியும், கப்பலும் தெரியும்" என்று தீர்ப்புச் சொன்னாய். வந்த ஒவ்வொன்றையும் இரும்பு ஸ்கேலால் அளந்த பிறகுதான் படையில் சேர்த்தாய். நூல் பிசகினால் திருப்பி அனுப்பினாய். அந்த பார்சலைக் கட்டி முத்திரை குத்தியவன் நான்.

முத்திரை. அங்கேதான் என் விதி.

நீ முதல் தடவை வேலூரில் படுத்திருந்தபோது உன் வீடு ஒழுகியதால் டப்பா என்னிடம் இருந்தது. புளி வியாபாரி ஒருவர் மணியார்டர் அனுப்ப வந்தார். கப்பல் பார்க்க ஆசை என்றார். உன் தலைக்கப்பலை எடுத்து முத்திரை குத்தும் ரப்பர் அட்டை மேலேயே வைத்தேன். அப்புறம் அவர் சம்பந்தி வீட்டு விவகாரத்தை ஆரம்பித்தார். நீ அறிவாய், வம்பு கேட்டால் என் காது திறக்கும், கண் மூடிக்கொள்ளும். கை மட்டும் பழக்க தோஷத்தில் முத்திரையைத் தூக்கிக் குத்தியது. மூன்று பாய்மரமும் போச்சு. உடம்பு இரண்டாகப் பிளந்தது. உடைந்த பாயில் அன்றைய தேதி தெளிவாக விழுந்திருந்தது.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ படுத்திருந்த நிலையில் எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதே கப்பலைத் தேடினேன். ஆயிரத்து இருநூறில் கிடைக்கவில்லை, ஆயிரத்தில் இருந்தது. இருநூறுதானே குறைவு, துளி சின்னதாக இருக்கும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று வரவழைத்தேன். எத்தனை வருஷம் விளையாடினேன் பார். எண் குறையக் குறையக் கப்பல் பெருக்கும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. வந்தது ஒரு சென்டிமீட்டர் கூடுதல். உன் சாயத்தையே பூசி டப்பாவில் வைத்துவிட்டேன்.

நீ திரும்பி வந்து அதைக் கையில் எடுத்தாய். ஊதினாய். "தூசி இல்லாம வெச்சிருக்கியே போஸ்ட்டு, பரவால்ல" என்றாய். அவ்வளவுதான். ஸ்கேலை எடுக்கவில்லை.

அதன் பிறகு மூன்று ஆட்டம் ஆடினோம். எப்போதும் அணியின் நடுவில் பத்திரமாக நிற்கும் உன் தலைக்கப்பல், அந்த மூன்று முறையும் தனியாக முன்னால் வந்து என் பீரங்கிக்கு நேரே நின்றது. மூன்று முறையும் மூழ்கடித்தேன். "சர்வேயருக்குக் கணக்கு தப்புது, உடம்பு முடியல போல" என்று டீக்கடையில் பெருமையும் பரிதாபமும் கலந்து சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இன்று பதினொன்றரைக்குத் தங்கச்சி வந்தாள். இளைத்திருந்தாள். தண்ணீர் குடித்தாள். மேசையில் வரிசையாக வைத்திருந்த கப்பல்களில் அதை எடுத்துக் கொடுத்தேன்.

பார்த்த மாத்திரத்தில் கேட்டாள்: "இன்னாண்ணா, இது மட்டும் மத்ததவிட பெருசா கீது?"

கப்பல் விளையாட்டே தெரியாதவள் ஒரு நொடியில் கண்டுபிடித்ததை நீ கண்டுபிடிக்கவில்லை என்று இத்தனை நாள் நம்பப் பார்த்தேனே. அதற்கு மேல் தாங்கவில்லை. முத்திரை, சம்பந்தி விவகாரம், ஆயிரம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "அவன் என்னைப் பித்தலாட்டக்காரன்னு நெனச்சிகினே போய்ட்டானோன்னுதாம்மா பயமா இருக்குது" என்றேன்.

அவள் திட்டவில்லை. "அவரு எதையும் அடியில எழுதி வெக்காம வுடமாட்டாரே. எங்க வூட்டு அண்டா, குண்டான்ல கூட எழுதி வெச்சிருக்காரு" என்று கப்பலைக் கவிழ்த்தாள்.

நான் ஒருநாளும் கவிழ்த்துப் பார்த்ததில்லை. தைரியம் இல்லை. பென்சிலில், உன் குண்டு எழுத்தில் இருந்தது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆயிரத்தில் ஒன்று. கிட்ட நிறுத்தவும்."

"கிட்டன்னா எதுக்குக் கிட்டண்ணா?"

மேசைக்கு அந்தப் பக்கம் உன் நாற்காலி. இந்தப் பக்கம் நான். பக்கத்தில் நிற்பதால்தான் அது பெரிதாகத் தெரிகிறது என்று நான் நம்பிக்கொள்ளட்டும், என் பொய் என் கண்ணிலேயே குத்த வேண்டாம் என, மூன்று ஆட்டம் தோற்றிருக்கிறாய்.

"எனக்கும்மா" என்றேன்.

புரிந்ததோ இல்லையோ, அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். "இதுவே இருக்கட்டும்ணா" என்றாள். இரண்டு மணி ஜீப்பில் உன் தலைக்கப்பல் மலை இறங்கிவிட்டது. படத்துக்குக் கிட்ட நிற்கும்.

பழைய கப்பல் ஆபீஸ் டிராயரில் முத்திரை மசிக்குப் பின்னால் இருக்கிறது. போய் எடுத்து வந்தேன். அதையும் இன்றுதான் கவிழ்த்துப் பார்த்தேன். "ஆயிரத்து இருநூறில் ஒன்று. நடுவில் நிறுத்தவும்." இரண்டு துண்டையும் சேர்த்து உன் அணியின் நடுவில் வைத்திருக்கிறேன், தேதி விழுந்த பாயோடு. ஒட்டவில்லை. ஒட்டப் போவதுமில்லை.

நாளை திங்கட்கிழமை, தபால் வரும். குத்துவதற்கு முன் அட்டையில் ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். எதிரில் நிற்பவர் எவ்வளவு நல்ல வம்பு சொன்னாலும்.